தடையும் விடையும்: போர்க்காலப் பொறியியல் ஊர்திகளின் சிற்றுருக்கள்

அரணை முற்றுகையிடுதலும் அதனைக் காத்தலும் பண்டைத் தமிழ்ப் போர் இலக்கணத்தில் சிறப்பிடம் பெற்றவை. உழிஞைத் திணையில் தொல்காப்பியர் மதிலை வளைப்பதையும் கைக்கொள்வதையும் வகுத்துரைக்கிறார். அகழி நீரில் நிகழும் போரையும் ஒரு துறையாகச் சுட்டுகிறார். யானைப்படையும் தேர்ப்படையும் எத்துணைப் பெரியனவாயினும் அகழிக் கரையில் வந்து நின்றே ஆகவேண்டும் என்னும் உண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டில் அகழி, டாங்கிகளைத் தடுக்கும் பள்ளமாயிற்று. மதில், கற்காரைச் சுவராயிற்று. மண்ணுள் மறைந்திருக்கும் கண்ணிவெடி என்னும் புதிய தடையும் உடன் சேர்ந்தது. இவற்றை நீக்கி வழி திறப்பதற்கென்றே இரண்டாம் உலகப்போரில் தனிவகை ஊர்திகள் தோன்றின. இன்று அவற்றுள் மிகச் சிலவே அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ளன. ஆயினும், மாடல் கிட் எனப்படும் சிற்றுருத் தொகுப்புகளாக அவை உலகெங்கும் ஆர்வலர்தம் மேசைகளில் மீண்டும் மீண்டும் பிறந்து வருகின்றன. இச்சிற்றுருக்கள் நமக்குக் கற்பிப்பவை யாவை, கற்பிக்க இயலாதவை யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு செய்தியை முதற்கண் கூறிவிடுதல் நன்று. போர் டாங்கியின் சிற்றுருவைத் தனியே நிறுத்திப் பார்த்து மகிழலாம். பொறியியல் ஊர்தியின் சிற்றுருவை அவ்வாறு பார்த்தால் அதன் பொருள் விளங்காது. அது ஒரு வினாவுக்கு எழுந்த விடை. வினாவாகிய தடையையும் அருகில் வைத்தாலன்றி விடை புலப்படாது.

சிற்றுருத் தொகுப்பின் தோற்றம்

பிளாஸ்டிக்கால் ஆன சிற்றுருத் தொகுப்புகள் 1936ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'ஃபிராக் பெங்குயின்' என்னும் பெயரில் வெளிவந்தன. அவை வானூர்திகளின் உருவங்கள். போருக்குப் பின்னர் பாலிஸ்டைரீன் என்னும் பொருள் பெருவழக்காயிற்று. அதனை உருக்கி, எஃகு அச்சினுள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்திக் குளிரவைத்தால், ஒரு சட்டத்தில் இலைகள்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகள் கிடைக்கும். வாங்குவோர் அவற்றை வெட்டியெடுத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் பிசிறு நீக்கிப் பொருத்துவர். இதற்குரிய பசை நாம் தாளுக்குப் பூசும் பசை போன்றதன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே சிறிது கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றாக உருக்கி இணைக்கும் தன்மையது. இறுதியில் வண்ணம் பூசி, நீரில் நனைத்து ஒட்டும் படத்தாளால் எண்களையும் படைப்பிரிவுச் சின்னங்களையும் இடுவர்.

அளவு வீதங்களுக்கும் வரலாறு உண்டு. ஓர் அடியை நான்கு மில்லிமீட்டராகக் குறைக்கும் கணக்கு, பிரித்தானியச் சிறு தொடர்வண்டி மாதிரிகளில் நிலைபெற்றிருந்தது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1960களில் வெளியிட்ட டாங்கிகளின் 1:76 என்னும் வீதம் இக்கணக்கினது. ஆறடியை ஓர் அங்குலமாக்கும் 1:72 வானூர்திகளுக்கு உரியது. பெரிதும் வழங்கும் 1:35 என்னும் வீதமோ எக்கணக்கிலும் அடங்காதது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தாமியா நிறுவனம் பான்தர் டாங்கியின் சிற்றுருவை வடிவமைத்தபோது, உள்ளே மின்கலங்களும் மோட்டாரும் அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கும் அளவில் செய்து முடித்தபின் அளந்து பார்க்க, ஏறத்தாழ 35இல் ஒரு பங்காக இருந்தது. மின்கலத்தின் பருமன் ஓர் உலக வழக்கையே உருவாக்கிவிட்டது.

டியப் கடற்கரை எழுப்பிய வினா

பொறியியல் ஊர்திகளின் கதையை 1942 ஆகஸ்ட் 19ஆம் நாளிலிருந்து தொடங்குதல் முறை. அன்று பிரான்சின் டியப் துறைமுகத்தின்மீது நேசநாட்டுப் படை தாக்குதல் நிகழ்த்தியது. இறங்கியோரில் ஏறத்தாழ 5,000 பேர் கனடியர். அவர்களோடு சர்ச்சில் என்னும் கனத்த டாங்கிகளும் சென்றன. கடற்கரையில் மணலுக்கு மாறாகக் கூழாங்கற்கள் குவிந்து கிடந்தன. அவை சக்கரங்களுக்கும் தொடர்பட்டைக்கும் இடையே சிக்கி, பல டாங்கிகளை நிறுத்தின. கடற்சுவரைத் தாண்டிய டாங்கிகளும் நகருக்குள் செல்லும் தெருக்களைக் கற்காரைத் தடைகள் அடைத்திருந்ததால் உள்ளே புக இயலவில்லை. அத்தடைகளைத் தகர்க்க வேண்டிய பொறியியல் வீரர்கள் வெடிமருந்தைத் தோளில் சுமந்துகொண்டு திறந்த வெளியில் ஓடவேண்டியிருந்தது. இடத்தை அடையுமுன்னரே அவருட் பலர் வீழ்ந்தனர். ஒருநாட் காலைக்குள் முடிந்த அத்தாக்குதலின் விளைவாக உயிரிழந்த கனடியர் 907 பேர்.

தடையை உடைப்பவனுக்குக் கவசம் வேண்டும் என்பதே டியப் புகட்டிய பாடம். கனடியப் பொறியியல் படையின் இளம் அதிகாரி டெனோவன் என்பார், சர்ச்சில் டாங்கியின் உள்ளிடத்தைத் திருத்தி, பொறியியல் வீரரும் அவர்தம் வெடிமருந்தும் கவசத்துக்குள்ளேயே செல்லுமாறு அமைக்கலாம் எனக் கருத்துரைத்தார். இதன் பயனாகத் தோன்றியதே ஏ.வி.ஆர்.இ. என்னும் ஊர்தி. இத்தகைய ஊர்திகளையெல்லாம் ஒருங்குசேர்த்துப் பயிற்றுவிக்கும் பொறுப்பு 1943இல் 79ஆவது கவசப் பிரிவுக்கு வழங்கப்பட்டது. அதன் தலைவர் பெர்சி ஹோபர்ட். மேலிடத்தாரோடு முரண்பட்டு 1940இல் ஓய்வுபெற்றபின், ஊர்க்காவல் படையில் மிகத் தாழ்ந்த பதவியொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்த அவரை, பிரதமர் சர்ச்சில் மீண்டும் அழைத்துவந்தார். அவருடைய விந்தையான ஊர்திகளைப் படையினர் 'ஹோபர்ட்டின் வேடிக்கைகள்' என்று நகையாடினர். பின்னாளில் அவ்வேடிக்கைகளே உயிர்காத்தன.

ஒவ்வொரு தடைக்கும் ஒரு விடை

கற்காரைச் சுவருக்கு விடையாக அமைந்தது ஏ.வி.ஆர்.இ. தாங்கிய 290 மில்லிமீட்டர் குறும்பீரங்கி. அதன் வெடிகுண்டு 18 கிலோ எடையுடையது. 'பறக்கும் குப்பைத்தொட்டி' என்பது அதற்குப் படைவீரர் இட்ட பெயர். குறி தவறாது சென்றடையும் தொலைவு ஏறத்தாழ 80 கெசமே. குண்டை நிரப்பும் முறையும் விந்தையானது. குழலை மேல்நோக்கி மடக்கியபின், ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்தவர் தலைக்கு மேலுள்ள மூடியைத் திறந்து, கைகளை வெளியே நீட்டிக் குண்டைச் செருக வேண்டும். தைவானின் ஏஎஃப்வி கிளப் நிறுவனம் இவ்வூர்தியை 1:35 வீதத்தில் வெளியிட்டுள்ளது. குறுகிப் பருத்த அக்குழலையும் அதன் கீழுள்ள மூடியையும் பொருத்தும்போதுதான், பகைவரின் சுவருக்கு 80 கெசத் தொலைவில் ஒரு மனிதன் தன் கைகளைக் கவசத்துக்கு வெளியே நீட்டினான் என்பது நம் மனத்தில் தைக்கும்.

பள்ளத்துக்கு விடை சுள்ளிக்கட்டு. மரக்கழிகளை இரண்டு ஆள் உயரத்துக்குக் குறையாத நீளமும் எட்டடி விட்டமும் உடைய பெருங்கட்டாகக் கட்டி, டாங்கியின் முன்புறம் ஏற்றிச்சென்று பள்ளத்தில் உருட்டிவிடுவர். பழங்காலத்து முற்றுகைகளிலும் அகழியைத் தூர்க்கக் கையாண்ட முறையே இது. அகன்ற பள்ளத்துக்கு ஏறத்தாழ 30 அடி நீளமுள்ள எஃகுப் பாலத்தை டாங்கியே சுமந்துசென்று இறக்கியது. உயர்ந்த சுவருக்கு, சுழல்கூண்டு நீக்கப்பெற்று முன்னும் பின்னும் சாய்தளம் பொருத்திய டாங்கி தானே பாலமாக நின்றது. மற்றவை அதன் முதுகின்மேல் ஏறிச் சென்றன.

சேற்றுக்கு விடை துணி. 1943ஆம் ஆண்டின் கடைசி இரவில் லோகன் ஸ்காட்-பௌடன், புரூஸ் ஆக்டன்-ஸ்மித் என்னும் இருவர், பகைவர் காவலிருந்த நார்மண்டிக் கரைக்கு நீந்திச் சென்று மண் எடுத்து வந்தனர். டாங்கியைத் தாங்காத மென்களிமண் ஆங்காங்கே உண்டு என்னும் ஐயத்தைத் தீர்க்கவே இத்துணிகரம். அத்தகைய இடங்களுக்கென எஃகுக் கழிகள் கோத்த பத்தடி அகலக் கித்தான் துணியைப் பெரிய உருளையில் சுற்றி, டாங்கியின் முன்னே விரித்துக்கொண்டு செல்லும் ஊர்தி செய்யப்பட்டது.

கண்ணிவெடிக்கு விடை நண்டு

இவற்றுள் சிற்றுரு அமைப்போரைப் பெரிதும் கவர்வது 'ஷெர்மன் கிராப்' எனப்பெறும் நண்டு டாங்கி. ஏர்ஃபிக்ஸ் இதனை 1:76 வீதத்தில் வெளியிட்டது. டாங்கியின் முன்னே இரு கைகள் நீண்டு, அவற்றினிடையே ஓர் உருளை சுழலும். உருளையில் 43 சங்கிலிகள் தொங்கும். டாங்கியின் பொறியே அவ்வுருளையையும் சுழற்றும். சங்கிலிகள் நிலத்தைக் கதிரடிப்பதுபோல் அடிக்க, புதைந்துள்ள வெடிகள் டாங்கி வந்து சேருமுன்னரே வெடித்துவிடும். இக்கருத்தைத் தொடங்கியவர் தென்னாப்பிரிக்கரான ஆபிரகாம் டூ டாய்ட். 1942 அக்டோபரில் எல் அலமைன் போரில் இதன் முன்னோடியான 'ஸ்கார்ப்பியன்' களம் கண்டது.

மாணவர்கள் இங்கு ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். உருளை நிமிடத்துக்கு 142 முறை சுழன்றது. அடித்துச் செல்லும்போது டாங்கியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அதாவது, ஒரு மீட்டர் முன்னேறுவதற்குள் உருளை நான்கு முறைக்குமேல் சுழலும். 43 சங்கிலிகளும் சேர்ந்து ஏறத்தாழ 180 அடிகள் இடும். ஒரு கிலோமீட்டர் வழி திறக்க அரைமணி நேரம் ஆகும். மனிதன் நடக்கும் வேகத்திலும் பாதிக்குக் குறைந்த வேகத்தில், புழுதி எழுப்பிக்கொண்டு, பகைவர் கண்முன் ஊர்ந்துசெல்லும் அரைமணி நேரம் அது.

சிற்றுரு அமைப்போர் பலர் தவறுவது இவ்விடத்தில்தான். சங்கிலிகள் சுழன்று நிலத்தை அடிப்பதாகக் காட்டிவிட்டு, பீரங்கியை முன்னோக்கி நிறுத்திவிடுவர். அடிக்கும் வேளையில் பீரங்கி பின்னோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். அப்போது அந்த டாங்கியால் சுட இயலாது. அதனைக் காக்கும் கடமை பின்னே நிற்கும் தோழமை டாங்கிகளுக்கு உரியது. பீரங்கியைத் திருப்பி வைக்கும் அச்சிறு செயல் ஒன்றே, வழி திறப்பவன் தன் காப்பைப் பிறர் கையில் ஒப்படைத்துச் செல்கிறான் என்னும் உண்மையை உணர்த்திவிடுகிறது. நூலில் பத்து முறை படித்தும் மனத்தில் பதியாத செய்தி, கையால் ஒருமுறை செய்யும்போது பதிந்துவிடும்.

மாதிரியில் பிறந்த பாலம்

சிற்றுருவை வெறும் விளையாட்டென ஒதுக்குவோருக்கு டொனால்டு பெய்லியின் வரலாறு தக்க மறுமொழியாகும். பிரித்தானியப் போர்த்துறையில் பணியாற்றிய அவர், பால மாதிரிகளை அமைத்துப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தார் என்பர். அவர் வடிவமைத்த பெய்லி பாலம், பத்தடி நீளமும் ஏறத்தாழ 260 கிலோ எடையும் கொண்ட எஃகுச் சட்டங்களால் ஆனது. ஆறு பேர் ஒரு சட்டத்தைத் தூக்கிவிடலாம். சட்டங்களை முளைகளால் கோத்து, பாரந்தூக்கி இன்றியே பாலம் அமைத்துவிடலாம். புரோன்கோ நிறுவனம் வெளியிட்டுள்ள 1:35 சிற்றுருவில் அதே சட்டம் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒரே வடிவச் சட்டத்தைப் பலமுறை இணைத்து எத்துணை நீளத்தையும் எத்துணைச் சுமையையும் எட்டலாம் என்னும் பொறியியல் நுட்பம், அதனைக் கோப்பவரின் விரல்களுக்கே விளங்கும்.

சிற்றுரு மறைக்கும் உண்மைகள்

இத்துணைப் பயன் உடையதாயினும், சிற்றுரு சிலவற்றை மறைத்துவிடுகிறது என்பதையும் நடுநிலையோடு கூறவேண்டும்.

முதலாவது எடை. சர்ச்சில் டாங்கி ஏறத்தாழ 40 டன் எடையுடையது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் 35இல் ஒரு பங்காகக் குறையும்போது, எடை 42,875இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதே எஃகால் அச்சிற்றுருவைச் செய்தாலும் ஒரு கிலோவுக்குக் குறைவாகவே இருக்கும். அது நிலத்தை அழுத்தும் அழுத்தமும் உண்மை ஊர்தியினதில் 35இல் ஒரு பங்கே. தட்டில் பரப்பிய ஈரக் களிமண்ணில் பிளாஸ்டிக் டாங்கி புதையாமல் நிற்பதைக் கண்டு, நார்மண்டியின் களிமண்ணை அஞ்சியது ஏன் என்று வியத்தல் கூடாது. இதனை அறிந்தோர், காட்சி அமைக்கும்போது தொடர்பட்டையைத் தாமே மண்ணுள் அழுத்திப் பதிக்கின்றனர்.

இரண்டாவது, தோல்வி. பெட்டியின் மேலட்டைப் படத்தில் எல்லா ஊர்திகளும் வெற்றியோடு முன்னேறும். உண்மையில் நிகழ்ந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1944 ஜூன் 6ஆம் நாள், நார்மண்டியின் கிரே-சூர்-மேர் என்னும் ஊரருகே, சுள்ளிக்கட்டு ஏந்திவந்த ஏ.வி.ஆர்.இ. ஒன்று நீர் நிறைந்த பள்ளத்தில் சரிந்து மூழ்கிற்று. வெளியேறிக் கரையில் ஒதுங்கிய வீரர்களுள் சிலர் அன்றே எறிகணைக்கு இரையாயினர். தப்பியோரும் படுகாயமுற்றனர். மூழ்கிய டாங்கியையே தாங்குதூணாகக் கொண்டு அதன்மேல் பாலம் இடப்பட்டது. படை அதன்மீது கடந்து சென்றது. பின்னர் அப்பள்ளம் தூர்க்கப்பட, டாங்கி 1976 வரை மண்ணுள் கிடந்தது. அவ்வாண்டு தோண்டியெடுக்கப்பெற்று, இன்றும் அவ்வூர்க் கடற்கரையில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. சுமந்துவந்த விடை தவறியபோது அவ்வூர்தி தானே விடையாயிற்று. இக்காட்சியைச் சிற்றுருவாக அமைக்க விழைவோர் டாங்கியின் பெரும்பகுதியை நீருக்கும் சுள்ளிக்கும் அடியில் மறைத்தாக வேண்டும். பல நாள் உழைத்துச் செய்ததை மறைக்கும் மனவுறுதி உடையவரே அவ்வரலாற்றை உள்ளவாறு காட்டவல்லார்.

மூன்றாவதும் தலையாயதும் மனிதன். 1:35 வீதத்தில் ஒரு மனிதன் ஐந்து சென்டிமீட்டர் உயரமே இருப்பான். இயந்திரம் செல்லவியலாத இடத்தில் கண்ணிவெடியை அகற்றியவன் அவனே. தமிழகத்தில் பிறந்து, மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படையில் பணியாற்றிய சுபேதார் சுப்பிரமணியன் அத்தகையோருள் ஒருவர். 1944 பிப்ரவரி 24ஆம் நாள், இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவை நடத்திச் சென்றபோது, தோழர் ஒருவரின் காலடியில் வெடி ஒன்று கிளர்ந்தது. அது வெடிப்பதற்கு இருந்த ஓரிரு நொடிக்குள் அதன்மேல் தம் உடலைக் கிடத்திப் பிறரைக் காத்தார், தாம் உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. முள்வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' என்னும் நீள்குழல் வெடியும் 1912இல் இதே படைப்பிரிவைச் சேர்ந்த மெக்ளின்டாக் என்னும் அதிகாரியால் உருவாக்கப்பட்டதே. அது நார்மண்டிக் கரையிலும் பயன்பட்டது. சிற்றுருத் தொகுப்பின் பெட்டியில் 43 சங்கிலிகள் இருக்கும், சுப்பிரமணியன் இருக்கமாட்டார். அவரை நாமே நினைந்து சேர்க்க வேண்டும்.

முடியாத வினா

கண்ணிவெடி என்னும் வினா 1945இல் முடிந்துவிடவில்லை. அமெரிக்கக் கவசப் புல்டோசரின் சிற்றுருவை வெளியிட்டுள்ள மினிஆர்ட், உக்ரைன் நாட்டு நிறுவனம். அந்நாட்டின் வயல்களிலேயே 2022 முதல் கண்ணிவெடிகள் பரவிக் கிடக்கின்றன. அவற்றை அகற்றும் கருவிகளுள், சங்கிலிகளால் நிலத்தை அடித்துச்செல்லும் இயந்திரங்களும் உள்ளன. எண்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட நண்டின் வழித்தோன்றல்கள் அவை. தொலைவிலிருந்து இயக்கப்படுவதால் உள்ளே மனிதன் இல்லை என்பதே பெரிய வேறுபாடு. இலங்கையின் வடபகுதியிலோ, 2009இல் போர் முடிந்தபின் நிலத்தைத் தூய்மையாக்கும் பணியின் பெரும்பகுதி கையாலேயே நடந்தது. தமிழ்ப் பெண்கள் பலர் முழந்தாளிட்டு அமர்ந்து, மண்ணைச் சிறிது சிறிதாகக் கிளறி, வெடிகளை அகற்றினர். தம் குடும்பம் மீண்டும் உழவேண்டிய நிலம் அது என்பதே அவர்தம் துணிவுக்கு அடிப்படை.

ஆதலின், போர்க்கருவியின் சிற்றுருவை இளைஞர் கையில் கொடுப்பது தகுமா என்று பெரியோர் வினவுவது முறையான வினாவே. தகும், ஆயின் தடையையும் உடன்வைத்துக் கொடுத்தல் வேண்டும் என்பதே நம் விடை. வரலாற்றுத் துறையும் இயற்பியல் துறையும் இணைந்து கல்லூரிக் கண்காட்சியில் இத்தகைய காட்சிகளை அமைக்கலாம். விலைமிக்க தொகுப்புகள் கிட்டாவிடினும் குறையில்லை. தென்னை ஈர்க்கைக் கட்டினால் சுள்ளிக்கட்டு. அணிகலன் செய்யும் மெல்லிய சங்கிலியை வெட்டினால் நண்டின் கைகள். தீக்குச்சிகளைக் கோத்தால் பெய்லியின் சட்டம். ஒவ்வொரு காட்சியின் முன்பும் ஓர் அட்டை வைத்து, அதில் மூன்று செய்திகளை எழுதுதல் வேண்டும்: வழியில் நின்ற தடை எது, அதனை நீக்கிய முறை எது, அவ்வழி திறப்பதற்குள் வீழ்ந்தோர் எத்தனை பேர். மூன்றாவது செய்தியை எழுத மறந்த அட்டை முழுமை பெறாது.